ஓர் அட்டை, இரண்டு முகங்கள்



ஊர் கூடித் தேர் இழுப்பது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் வீதி வருவதைப் பார்த்துப் பழகிய பினாங்கு மக்களுக்குத் தேர் புதிய செய்தி அல்ல. ஆனாலும் சற்று நேரம் திருவாரூருக்குப் போய் வருவோம். அங்கே ஆழித்தேர் என்று ஒரு தேர். அலங்கரித்து நிறுத்தினால் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்று சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். அந்த வடத்தில் யாருடைய பெயரும் எழுதியிருக்காது. பணக்காரர், ஏழை, உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோருடைய கையும் ஒரே கயிற்றில்தான்.

இதைப் பார்த்துவிட்டுத்தான், "பார், ஒற்றுமையே பலம்" என்று பேசிவிட்டுப் போகிறோம். ஆனால் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் கையில் முட்டுக்கட்டை. தேரைத் திருப்பவும், வேகத்தைக் குறைக்கவும், நிறுத்தவும் சக்கரத்தின் அடியில் அந்தக் கட்டையைச் சரியான நொடியில் கொடுக்க வேண்டும். பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை குறைந்துவிடவில்லை. வடம் பிடிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். இன்ன சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் யார் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "யாராவது கொடுப்பார்கள்" என்று விட்டால் தேர் வீட்டுச் சுவரில் போய் நிற்கும்.

ஆக, தேரோட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோருடைய உழைப்பு. மற்றொன்று இன்னாருடைய பொறுப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு. குழப்பம் நடக்கும் இடம் கோயில் வீதி அல்ல. இன்றைய அலுவலகங்களில் கம்ப்யூட்டர் திரையில் தொங்கும் பணிப் பலகை.

சுவரிலிருந்து திரைக்கு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் யூ அழைத்து வந்த முதல் எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று சொல்கிறார்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்ததும் இங்கேதான். ஜெலுத்தோங்கிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து ஒரு தலைமுறையே ஷிப்டு வேலைக்கு அங்கே போயிற்று. பெற்றோர் கையால் சிப்பு பொருத்திய ஊரில், பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள், அதைச் சோதிக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலை உலகத்திலிருந்து மென்பொருள் உலகத்துக்குக் கிடைத்த சீதனம்தான் இந்தப் பணிப் பலகை. ஜப்பானில் டொயோட்டா கார் நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் 1950-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அடுத்த பகுதிக்கு என்ன பொருள், எத்தனை வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி அனுப்புவது. அட்டை வந்தால்தான் உற்பத்தி; வராவிட்டால் சும்மா இரு. இதற்குக் 'கன்பான்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர்ப் பலகை, அறிவிப்புப் பலகை என்று பொருள்.

பிறகு 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினார்கள். ஆயிரம் பக்கத் திட்டம் தீட்டி, இரண்டு வருடம் கழித்து ஏமாறுவதைவிட, சிறு குழுவாகச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, உடனுக்குடன் திருத்திக்கொள்ளலாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதுதான் 'அஜைல்' முறை. சுறுசுறுப்பு, வளைந்துகொடுக்கும் தன்மை இரண்டும் சேர்ந்த சொல் அது.

அஜைல் குழுக்கள் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டின. அதில் பத்தி பத்தியாகக் கோடு: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, சரிபார்ப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன அட்டை. வேலை நகர நகர அட்டையும் நகரும். அந்தப் பலகை மெதுவாகத் திரைக்குள் போனது. 2002-இல் ஜிரா வந்தது. 2011-இல் ட்ரெல்லோ வந்தது. அட்டையின் மூலையில் அந்த வேலையைச் செய்பவரின் சின்ன முகப்படம் ஒட்டியிருக்கும்.

சுவரில் இருந்தவரை ஒரு வசதி. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே மேசையில் தலையோடு தலை சாய்த்து உட்கார்ந்திருப்பதை அறையே பார்க்கும். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மேசைகள் காலியாயின. அவரவர் வீட்டு முன்னறையே அலுவலகம். அன்று முதல் பல குழுக்களுக்கு அலுவலகம் என்று மிஞ்சியது அந்தத் திரைப் பலகை மட்டும்தான். பலகையில் தெரிவது நடந்தது, தெரியாதது நடக்காதது. அங்கேதான் வம்பு ஆரம்பம்.

தீபாவளி ஓவர்டைம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒரு பெண், மென்பொருள் சோதனை செய்பவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். குழுவில் ஐந்து பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் உண்டு. தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் கணக்கு போடும் மென்பொருள் அவர்களுடையது.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, அதன் கீழ் வரும் தொழிலாளிக்குச் சாதாரண நாளில் ஓவர்டைம் மணிக்கூலியைப் போல் ஒன்றரை மடங்கு. பொது விடுமுறை நாளில் ஓவர்டைம் என்றால் மூன்று மடங்கு. இந்த மென்பொருளில் ஒரு கோளாறு. தீபாவளி அன்று சக ஊழியரோடு ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு மட்டும், மூன்று மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்கு விழுகிறது. மணிக்குப் பத்து ரிங்கிட் வாங்குபவர் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 60 ரிங்கிட் வர வேண்டும். 30 தான் வரும். இப்படி 200 பேர் இருந்தால் 6,000 ரிங்கிட் மறைந்துபோகிறது. பண்டிகை நாளில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர் வயிற்றில் அடிக்கிற கோளாறு அது.

பலகையில் ஓர் அட்டை: "பொது விடுமுறை ஓவர்டைம் தவறு." முகப்படம், புரோகிராம் எழுதும் மூத்தவருடையது.

ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பெண் போன் செய்கிறார். "அண்ணே, எல்லார் கணக்கும் சரியா வருது. ஷிப்டு மாத்திக்கிட்டவங்க கணக்கு மட்டும்தான் இடிக்குது."

"அப்படியா? நான் தேதியிலதான் தப்புன்னு நெனச்சேன்மா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒவ்வொரு சம்பளச் சீட்டா எடுத்துப் பார்த்தேண்ணே."

மூன்று ராத்திரி அவர் சீட்டு சீட்டாகப் பார்த்திருக்கிறார். காரணம் தெரிந்த பிறகு, மூத்தவர் அரை நாளில் திருத்திவிட்டார். அட்டை 'முடிந்தது' பத்திக்குப் போனது. அட்டையில் இருப்பது ஒரே முகம். யாருடையது? மூத்தவருடையது.

மூத்தவர் கெட்டவரா? இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பலகையில் ஒரு முகத்துக்குத்தான் இடம் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் டிசம்பரில் மேலாளர் உட்கார்ந்து எண்ணுகிறார். மூத்தவர் பெயரில் முடிந்த அட்டைகள் 31. அந்தப் பெண் பெயரில் நான்கு. சம்பள உயர்வும் போனசும் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? அடுத்தவருடைய சம்பளம் சரியாக வர வேண்டும் என்று மூன்று ராத்திரி கண்விழித்தவருடைய சம்பளம் தவறாகப் போகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. அடுத்த முறை அவர் உதவுவாரா? "என் பெயரில் உள்ளதை முடிப்பேன். மற்றதற்கு எனக்கென்ன?" என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரு பெயர் மட்டும் காட்டும் பலகை, உதவி செய்யாதே என்று வாய் திறக்காமல் சொல்லிக்கொடுக்கிறது.

எல்லோர் பெயரும் போட்டால்?

"இதற்கு வழி சுலபம். அட்டையில் ஐந்து முகத்தையும் போட்டுவிடலாமே" என்று யாரும் சொல்லக்கூடும். நல்ல மனதோடு சொல்லும் யோசனைதான். போட்டுப் பார்ப்போம்.

ஓவர்டைம் அட்டையில் ஐந்து முகங்கள். திங்கட்கிழமை, "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று பெண் நினைக்கிறார். "சீட்டுகளைத் தங்கச்சி பார்க்கும்" என்று அண்ணன் நினைக்கிறார். மலாய்க்கார நண்பர், "அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நாம் எதற்கு?" என்று மரியாதையாக ஒதுங்குகிறார். தீபாவளி வந்துவிட்டது. அட்டை அதே இடத்தில். நீயும் ராணி, நானும் ராணி, நெல்லுக் குத்துவது யாரு என்ற பழமொழி எந்த மென்பொருளும் வருவதற்கு முன்பே நம் பாட்டிமார் கண்டுபிடித்தது.

அரசன் பால்குளம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு ஒரு குடம் பால் குளத்தில் ஊற்ற வேண்டும். ஊரே பால் ஊற்றும்போது நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் நினைத்தார். விடிந்து பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். எல்லோருமே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

இது கதைதானே என்று தள்ளிவிட முடியாது. பிரான்ஸ் நாட்டில் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற வேளாண் பொறியாளர் கயிற்றை இழுக்கச் சொல்லி அளந்து பார்த்தார். முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, எட்டுப் பேர் தனித்தனியே இழுக்கும் பலத்தின் கூட்டுத்தொகையில் பாதிதான் வந்தது. ஒரே சமயத்தில் இழுக்க முடியாமல் போனது ஒரு காரணம். மற்றொன்று, "இவ்வளவு பேர் இருக்கிறார்களே" என்ற நினைப்பு.

இந்த இரண்டில் எது எவ்வளவு என்று 1979-இல் அமெரிக்காவில் லாட்டனே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டிக் கைதட்டச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் போடும் சத்தமும் குறைந்தது. கூட இருப்பவர்கள் கத்துகிறார்கள் என்று நம்பவைத்து, உண்மையில் தனியாகவே கத்தவிட்டபோதும் குறைந்தது.

அவர்கள் இதோடு விடவில்லை. நமக்கு வேண்டிய விஷயம் 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் இருக்கிறது. கூட்டமாகவே கத்தவிட்டார்கள், ஆனால், "ஒவ்வொருவர் போடும் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டார்கள். உடனே அந்தச் சோம்பல் போய்விட்டது. கூட்டம் இருந்தது, சோம்பல் இல்லை.

இதன் பொருள் என்ன? பலர் சேர்வது தப்பில்லை. சேர்ந்தவர் கை எது என்று தெரியாமல் போவதுதான் தப்பு. குளத்தில் ஊற்றும் முன் குடத்தில் பெயர் எழுதி வாங்கியிருந்தால், விடிந்ததும் பால்தான் இருந்திருக்கும்.

பலகைகள் என்ன சொல்கின்றன?

இப்போது பலகை செய்பவர்களைப் பார்ப்போம். அவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி.

ஜிராவில் ஓர் அட்டைக்கு ஒருவரைத்தான் பொறுப்பாளராகப் போட முடியும். ஆசானாவும் அப்படித்தான். பலர் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பது இந்தக் கட்சியின் வாதம். ட்ரெல்லோவில் ஓர் அட்டையில் பலரைச் சேர்க்கலாம். மைக்ரோசாப்ட் பிளானரிலும் கிட்ஹப்பிலும் பலரைப் போடலாம். வேலை செய்வதே பலர்தானே, அதை ஏன் மறைக்க வேண்டும் என்பது இந்தக் கட்சியின் வாதம்.

யார் சரி? இரண்டு பேருமே பாதி சரி. முதல் பலகை முட்டுக்கட்டை கொடுப்பவரைக் காட்டுகிறது. வடம் பிடிப்பவரை மறைக்கிறது. இரண்டாவது பலகை வடம் பிடிப்பவரை எல்லாம் காட்டுகிறது. கட்டை யார் கையில் என்று சொல்வதில்லை. கருவி எதுவாயிருந்தாலும், விட்டுப்போன பாதியைக் குழுதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான்கு வழிகள்.

நான்கு வழிகள்

முதல் வழி: ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு இடம் வையுங்கள். ஒன்று 'முன்னிற்பவர்'. அங்கே ஒரே ஒரு பெயர். இந்த வேலை எங்கே நிற்கிறது என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மற்றொன்று 'கைகொடுப்பவர்'. அங்கே எத்தனை பெயரும் வரலாம். ஜிராவில் பலர் பெயரைத் தாங்கும் கூடுதல் கட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அட்டையின் முகப்பிலேயே அது தெரியும்படி அமைக்கலாம். ட்ரெல்லோவில் பலர் முகம் ஏற்கெனவே இருக்கிறது. முன்னிற்பவர் பெயரை அட்டைத் தலைப்பின் தொடக்கத்தில் எழுதிவிட்டால் போதும். செலவு ஒரு காசு இல்லை.

முன்னிற்பவர் என்றால் பெரியவர் என்று பொருள் அல்ல. இன்று ஓர் அட்டைக்கு அண்ணன் முன்னிற்கட்டும், தங்கச்சி கைகொடுக்கட்டும். நாளை வேறோர் அட்டைக்குத் தங்கச்சி முன்னிற்கட்டும், அண்ணன் கைகொடுக்கட்டும். எப்போதும் ஒருவரே மாப்பிள்ளை, மற்றவர் தோழன் என்று இருந்தால் பலகையில் எத்தனை கட்டம் போட்டாலும் பயனில்லை.

இரண்டாவது வழி: கை மாறும்போது பெயரை அழிக்காதீர்கள், சேருங்கள். பல குழுக்களில் அட்டை 'சரிபார்ப்பது' பத்திக்கு வந்ததும் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுச் சோதிப்பவர் பெயரைப் போடுகிறார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டு அடுத்தவர். கடைசியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அதைச் செய்தவர் ஆகிவிடுகிறார். "பழைய பெயரெல்லாம் அட்டையின் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர் யார்? கல்யாண வீட்டில் மொய் எழுதிய நோட்டும் பத்திரமாகத்தான் இருக்கும். அதற்காக வந்தவரை வாசலில் நின்று கும்பிடாமல் இருப்போமா?

மூன்றாவது வழி: பிரிக்க முடிந்ததைப் பிரியுங்கள், பிரிக்க முடியாததைச் சேர்த்தே காட்டுங்கள். ஓவர்டைம் அட்டையைக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது, திருத்துவது, பழைய சம்பளச் சீட்டுகளைச் சரிசெய்வது என்று மூன்று துணை அட்டைகளாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னிற்பவர். கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை என்று பலகையில் அப்போதுதான் தெரியும். இன்று பல இடங்களில் திருத்துவது மட்டுமே வேலை, தேடுவது சும்மா என்று ஆகிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் துண்டு போடக் கூடாது. ஒரே கம்ப்யூட்டர் முன் இருவர் உட்கார்ந்து, ஒருவர் எழுத, மற்றவர் பார்த்துத் திருத்தும் முறை ஒன்று உண்டு. 1999-இல் கென்ட் பெக் எழுதிய 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' நூல் இதை வலியுறுத்தியது. எழுதிய நிரல் குழு முழுவதற்கும் சொந்தம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றும் அது சொன்னது. அப்படிச் செய்த வேலையில் உன் பாதி எது, என் பாதி எது என்று கேட்பது, அம்மாவும் மகளும் சேர்ந்து சுட்ட முறுக்கில் யார் பிழிந்தது எது என்று கேட்பது மாதிரி. அங்கே இரண்டு முகமும் ஒரே அட்டையில் இருப்பதுதான் நியாயம்.

நான்காவது வழி: ஒருவர் முகம் எத்தனை அட்டையில் வரலாம் என்று வரம்பு வையுங்கள். சுவர்ப் பலகை காலத்தில் சில குழுக்கள் ஆளுக்கு இரண்டோ மூன்றோ முகக் காந்தங்கள்தான் கொடுக்கும். காந்தம் தீர்ந்தால் வேலையை முடித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் முகப்படத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் ஒருவரே ஒன்பது அட்டையில் சிரித்துக்கொண்டிருப்பார். ஒன்பது அட்டையில் இருப்பவர் ஒன்றிலும் இல்லை. அது ஒத்துழைப்பின் அடையாளம் அல்ல. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போடுகிற பெயர்ப் பட்டியல்.

ஹைதராபாத்தில் நடந்தது

இந்த வரம்புக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்காக ஹைதராபாத்தில் ஒரு குழு, நிறுவனத்தின் உள் மென்பொருள்களைப் பராமரித்து வந்தது. 2004-இல் அங்கே வேலை குவிந்து கிடந்தது. ஒரு கோரிக்கை முடிய ஏறக்குறைய ஐந்து மாதம். டேவிட் ஆண்டர்சன் என்பவர் வழிகாட்ட, குழுவின் மேலாளர் முறையை மாற்றினார். டொயோட்டாவின் கன்பான் எண்ணத்தை எடுத்துக்கொண்டு, கையில் இருப்பதை முடிக்காமல் புதிதாக எடுக்கக் கூடாது என்று ஒரே சமயத்தில் எடுக்கும் வேலைக்கு எல்லை போட்டார்கள். நேரத்தைத் தின்றுகொண்டிருந்த மதிப்பீட்டுக் கணக்குகளை நிறுத்தினார்கள். சுமார் ஒரு வருடத்தில், ஐந்து மாதம் எடுத்தது இரண்டு வாரத்தில் முடியத் தொடங்கியது. மென்பொருள் உலகத்தில் கன்பான் பரவ அந்த அனுபவம் ஒரு தொடக்கமாக இருந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? புதிய அட்டையை எடுக்க முடியாது என்று ஆனவுடன், கை ஓய்ந்தவர் என்ன செய்வார்? அடுத்தவர் அட்டையைப் போய்ப் பார்ப்பார். "என்ன மாட்டிக்கிச்சு, நான் வரட்டுமா?" என்பார். உதவியை உபதேசத்தால் வரவழைக்க முடியாது; வரம்பு வைத்தால் தானாக வரும். அப்படி வந்தவருடைய பெயரை அட்டையில் எழுதினால்தான், நாளைக்கும் வருவார்.

இது வேவு பார்ப்பது ஆகாதா?

ஒரு கேள்வி நியாயமாக எழும். யார் எதில் கை வைத்தார் என்று எல்லாவற்றையும் எழுதினால் அது வேவு ஆகிவிடாதா? மேலாளர் அதையும் எண்ண ஆரம்பித்துவிட்டால்? "நீ 12 அட்டையில் கைகொடுத்தாய், அவர் 15" என்று புதிய போட்டி வந்துவிடாதா?

வரும். அட்டையை எண்ணிச் சம்பளம் போடுகிற இடத்தில் எந்தப் பலகையும் பொய் சொல்லத்தான் செய்யும். பெரிய வேலையைப் பத்தாகப் பிளந்து பத்து அட்டை வாங்குவார்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கைகொடுப்பவர் கட்டத்தில் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். அஜைல் முறைகளில் அதிகம் புழங்கும் 'ஸ்க்ரம்' வழிகாட்டியும், விளைவுக்குப் பொறுப்பு குழு முழுவதற்கும் என்றுதான் சொல்கிறது. பலகை, வேலை நகர்கிறதா என்று பார்க்க வந்தது. ஆளை எடை போட வந்த தராசு அல்ல.

ஆனாலும் மேலாளர் ஆளை மதிப்பிடத்தான் போகிறார்; அதை மறுத்துப் பயனில்லை. அப்போது எண்ணிக்கையைப் பார்க்காமல், பெயர்களைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்க வேண்டும். "இந்த அட்டையில் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதே, என்ன நடந்தது?" என்று கேட்டால், "தங்கச்சிதான் கண்டுபிடிச்சது, நான் திருத்தினேன்" என்று அந்த அண்ணனே சொல்லிவிடுவார். பலகையில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே பிறக்காது.

காலையில் கூடும் பதினைந்து நிமிடக் கூட்டத்திலும் இதே மாற்றம் செய்யலாம். "நேற்று நீ என்ன செய்தாய்?" என்று ஆளைக் கேட்டால், அவரவர் தன் பெருமையையோ தன் பயத்தையோ சொல்வார். "இந்த அட்டை நகர யார் யார் வேண்டும்?" என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பதிலில் இரண்டு மூன்று பெயர் வரும். அந்தப் பெயர்களை அங்கேயே அப்போதே எழுதிவிடுங்கள். சாயங்காலம் எழுதலாம் என்றால் மறந்துபோகும். மறந்துபோவது எப்போதும் சத்தம் போடாதவர் பெயராகத்தான் இருக்கும்.

தேர் நிலைக்கு வரட்டும்

மறுபடியும் ஜெலுத்தோங் வீட்டுக்கு வருவோம். அதே அட்டை, அதே கோளாறு. இந்த முறை அட்டையில் இரண்டு இடம் இருக்கிறது. முன்னிற்பவர், மூத்தவர். கோளாறைக் கண்டுபிடிக்கும் துணை அட்டைக்கு முன்னிற்பவர், அந்தப் பெண். பழைய சம்பளச் சீட்டுகளைச் சரிசெய்ய, கை ஓய்ந்த மலாய்க்கார நண்பர் தானாக வந்து பெயர் சேர்க்கிறார். தீபாவளிக்கு முன் அட்டை 'முடிந்தது' பத்திக்குப் போகிறது. மூன்று முகமும் அதிலேயே இருக்கின்றன. எங்கோ ஓர் அசெம்பிளி லைனில், தீபாவளி அன்று வேலைக்கு வந்த ஒரு தொழிலாளியின் சீட்டில் 30 ரிங்கிட்டுக்குப் பதில் 60 ரிங்கிட் விழுகிறது. அவருக்கு இந்தப் பலகையைத் தெரியாது, இந்த மூன்று பேரையும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்த மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் போடுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பலகை இருந்தால், திங்கட்கிழமை காலை 'முடிந்தது' பத்தியில் உள்ள கடைசி ஐந்து அட்டைகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரிகிறதா? இதில் கை வைத்த எல்லோரும் தெரிகிறார்களா? முதல் கேள்விக்கு ஒரே ஒரு பெயர் வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரும் விடுபடக் கூடாது. விடுபட்டிருந்தால், அந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வடம் பிடிக்கப் பல கை, கட்டை கொடுக்க ஒரு கை. இரண்டும் தெரிகிற ஊரில்தான் தேர் நேராக ஓடி நிலைக்கு வந்து சேரும்.